பழனியாத்தாள் தோட்டத்து எரிமலை

சென்னிமலைக்குத் தெற்கே ஓர் எரிமலை இருப்பதாக உலகத்துக்கு அறிவித்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பழியில் பங்கு கேட்டு இதுவரை வேறு யாரும் வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

என் பெயர் ஜெரால்டு. சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன். எங்கள் பேராசிரியர் வரதராஜுலுவுக்குச் சேற்று எரிமலைகள் மேல் தனிப் பிரியம். அந்தமானில் பாராடாங் தீவில் அப்படிச் சில உண்டு. நெருப்பு கிடையாது, புகை கிடையாது. தரையில் ஒரு சின்ன மேடு. அதன் உச்சியில், ராகிக் களி கிண்டும்போது குமிழி விடுமே, அதுபோலச் சாம்பல் நிறச் சேறு பொளக் பொளக் என்று வந்துகொண்டிருக்கும். அந்தச் சேறு பூமிக்குள் எங்கே, எவ்வளவு ஆழத்தில் தேங்கியிருக்கிறது என்று தோண்டிப் பார்க்க முடியாது. அதனால் நிலநடுக்கத்தை நம்பியிருக்கிறோம். எங்கோ தொலைவில் நிலம் நடுங்கினால் அந்த அலை பூமிக்குள்ளேயே நம் காலடிவரை வரும். கெட்டிப் பாறை என்றால் விறுவிறுவென்று வரும். சேற்றில் மாட்டினால் தடுமாறித் தாமதமாக வரும். சுற்றிலும் கருவிகளை வைத்து, எந்த இடத்தில் தாமதம் என்று பார்த்தால் சேறு இருக்கும் இடம் பிடிபட்டுவிடும்.

அந்தமானுக்கு அனுப்புமுன் கருவிகளைச் சத்தமில்லாத ஓர் இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். சரவணம்பட்டியில் அது நடக்காது. ஐ.டி. கம்பெனி பஸ்கள் கிளம்பும் நேரமெல்லாம் எங்கள் கருவிக்கு நிலநடுக்கம்தான். அப்படி நல்ல பாறை நிலம் தேடியபோது கிடைத்ததுதான் பழனியாத்தாள் அம்மாவின் தோட்டம். கணவர் இல்லை. முருங்கை போட்டிருக்கிறார், எருமைகள் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆழ்துளைக் கிணறு. போனில் அனுமதி கேட்டபோது, ஒரு கல்யாணத்துக்காக அவிநாசியில் இருப்பதாகவும், நான் போய்த் தாராளமாக இடத்தைப் பார்க்கலாம் என்றும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவதாகவும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை முடித்துக்கொண்டு கிளம்பிப் போனேன். தோட்டத்தில் ஈ காக்கை இல்லை. எருமைகள் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, இவனால் ஒன்றும் ஆகாது என்று திரும்பிக்கொண்டன. கிணற்றுப் பக்கம் போனால், குழாயின் வாயிலிருந்து சாம்பல் நிறச் சேறு பொளக் பொளக் என்று வந்துகொண்டிருந்தது. குமிழிகள். குழாயைச் சுற்றி ஒரு சின்ன மேடு.

மூளை உள்ள மனிதன் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் போனை எடுத்தேன்.

“நண்பர்களே, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சேற்று எரிமலையின் பிறப்பு” என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பித்து, பாராடாங், பூமித் தட்டுகள், வாயு அழுத்தம் என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சரிசமமாகக் கலந்து பேசி, எங்கள் தேவாலயப் பங்கு இளைஞர் குழு வாட்ஸப்பில் போட்டேன். பத்து லைக் வரும் என்று எதிர்பார்த்தேன். பெருந்துறையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அதே வீடியோ, பின்னணி இசையோடும் “அதிகம் பகிரவும்” என்ற வாசகத்தோடும், என் அம்மாவிடமிருந்தே எனக்கு வந்தது. ‘இந்தப் பையன் குரல் உன்ற குரல் மாதிரியே இருக்குதே’ என்று கீழே ஒரு கேள்வி.

கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிய பழனியாத்தாளை, அவர் தோட்டத்தில் ஒரு திருவிழா வரவேற்றது. ஈரோட்டிலிருந்து ஆட்கள் பைக்கில் வந்திருந்தார்கள். குழாய்க்கு யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் பஜ்ஜி வண்டி வந்தது. சேறு என்னவோ அன்றைக்கே நின்றுபோய்விட்டது. என்னிடம் கேட்டவர்களிடமெல்லாம், “ஓய்வெடுக்குதுங்க, எரிமலைன்னா அப்படித்தான்” என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க நம் மனசு எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது.

பிறகு அரசாங்கப் பொறியாளர் ஒருவர் வந்தார். நியாயமான மனிதர். குழந்தைகள் வந்து எட்டிப் பார்க்கிற இடம், உள்ளிருந்து வாயு வருகிறது என்று படித்த ஒருவரே சொல்கிறார், நாளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். மோட்டாரைப் போடக் கூடாது. மாதக் கடைசிக்குள் இது எரிமலை இல்லை என்று யாராவது நிரூபிக்காவிட்டால் கான்கிரீட் ஊற்றிக் கிணற்றை மூடிவிட வேண்டியதுதான். மூடினால் மூடியதுதான், பிறகு திறக்க முடியாது.

நான் ஓடிப்போய்ப் பழனியாத்தாள் முன்னால் நின்றேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் போனேன்.

“பரவால்லீங்க தம்பி, தெரிஞ்சா செஞ்சீங்க” என்றார். “வெயில்ல வந்துருக்கீங்க. மோர் குடிங்க மொதல்ல.”

கெட்டி எருமை மோர், பெருங்காயம் போட்டது. ஒவ்வொரு மடக்கும் அடி வாங்குவதுபோல இருந்தது. அவருக்குப் பின்னால் முருங்கை மரங்கள் இலை சோர்ந்து நின்றன. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீளமான ஹோஸ் பைப் வந்து எருமைத் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து லட்சுமணசாமி விடுகிறாராம். கேட்காமலே விடுகிறாராம், இரண்டு வேளையும். அவர் கிணறே போன வருஷம் வறண்டுபோனதாகக் கேள்வி. இருந்தாலும் எங்கிருந்தோ எடுத்து விடுகிறார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேராசிரியர் வரதராஜுலு போனில் சுருக்கமாகப் பேசினார். எரிமலையைக் கண்டுபிடித்தவன் நீ, அது இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டியவனும் நீதான், கருவிகளை எப்படியும் சோதிக்கத்தானே வேண்டும், கொண்டுபோய் அந்தக் கிணற்றைச் சுற்றியே வை என்றார். அப்புறம் என் படிப்பைப் பற்றியும் அதைக் கொடுத்த கல்லூரியைப் பற்றியும் சில வார்த்தைகள். அவை இங்கே தேவையில்லை.

ஆக, நாலு கருவிகளையும் கிணற்றைச் சுற்றிப் புதைத்தேன். ஐந்து லிட்டர் எண்ணெய் டின் அளவுதான் இருக்கும். ஊரில் அதற்கு டப்பா என்றே பெயராகிவிட்டது. ஒன்று முருங்கைக்குள், ஒன்று எருமைகளைக் கட்டும் கட்டுத்தரைக்கு அருகே, ஒன்று கிழக்கு வேலியோரம், ஒன்று கிணற்றடியில். இனி ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. ஒரு நிலநடுக்கம்.

இதைப் பழனியாத்தாளுக்கு விளக்கியது என் வாழ்வின் கடினமான வகுப்பு. நிலநடுக்கத்தில் இரண்டு அலை வரும் என்றேன். முதல் அலை அவிநாசி ரோட்டில் பைக் ஓட்டும் பையன் மாதிரி, எந்தச் சந்திலும் புகுந்து வந்துவிடும். இரண்டாவது அலை பட்டுச்சேலை கட்டிக் கல்யாணத்துக்குப் போகிற சம்பந்தியம்மா மாதிரி. சேற்றைக் கண்டால் அங்கேயே தயங்கி நின்றுவிடும். உங்கள் கிணற்றடியில் சேறு இருந்தால் அந்த டப்பாவுக்கு மட்டும் இரண்டாவது அலை தாமதமாக வரும். நாலுக்கும் ஒன்றாக வந்தால் அடியில் முழுக்கப் பாறை, கிணறு பிழைத்தது.

அவர் கிணற்றடியில் டப்பா புதைத்த இடத்தைப் பார்த்தார்.

“அப்ப நெலம் ஆடோணுங்களா?”

“ஆமாங்க. இங்க இல்லீங்க. எங்காச்சும் தூரத்துல. ஆனா கொஞ்சம் பெருசா.”

“அங்க இருக்கற சனம் என்னங்க பண்ணும்?”

இந்தக் கேள்வியை எங்கள் துறையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நிலநடுக்கம் வந்தால் நாங்கள் முதலில் வரைபடத்தைத்தான் திறப்போம்.

மறுநாள் அவர் சென்னிமலைப் படியேறிப் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டு வந்தார். என்ன வேண்டினீர்கள் என்று கேட்டேன். ஆள் இல்லாத கடலுக்கடியில், மீனுக்குக்கூட வலிக்காத மாதிரி, ஆனால் தம்பியின் டப்பாவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு ஆட்டம். முருகனுக்கு அளவு எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. செய்தி ஊரில் பரவியது. விசைத்தறிக்காரர் ஒருவர் வழியில் என்னை நிறுத்தி, “ஏனுங்க, நெலநடுக்கம் இன்னும் வரலீங்களா?” என்று பஸ்ஸைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். என் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில் இதையும் சேர்க்க வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் போய் நின்றிருக்கிறார். நிலநடுக்கத்திலிருந்து காப்பாற்றச் சொல்லித்தான் திருச்சபை இதுவரை மன்றாடியிருக்கிறது, அனுப்பச் சொல்லி மன்றாட வழியில்லை என்று அவர் மறுத்துவிட்டாராம். அம்மா தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

நிலம் உலகத்தில் தினமும் எங்காவது நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் சின்ன நடுக்கம் எதுவும் எங்களுக்கு உதவவில்லை. எரிமலை பார்க்க வருகிறவர்களின் நடை, பஜ்ஜி வண்டி, எருமைகளின் கால்மாற்றம் எல்லாவற்றுக்கும் அடியில் அது அமுங்கிப்போனது. நானே ஏற்படுத்திய கூட்டம் நானே வைத்த கருவியின் காதை அடைத்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசி நெருங்க நெருங்கப் பழனியாத்தாள் என்னிடம் பேசுவது குறைந்தது. மோர் மட்டும் குறையவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. தெற்கே பெருங்கடலில், கப்பலே அதிகம் போகாத ஒரு மூலையில், நல்ல ஆழத்தில், நல்ல பெரிய நடுக்கம். எந்தக் கரையிலும் ஒரு ஓடுகூட விழவில்லை என்று செய்தி வந்தது. முருகனா மெழுகுவர்த்தியா என்ற விவாதத்துக்குள் நான் போக விரும்பவில்லை. டப்பாக்களைத் தோண்டியெடுத்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு சரவணம்பட்டிக்குப் பறந்தேன்.

பதிவுகளைப் படிப்பது ரம்ஷா. கோட்டைமேட்டுப் பெண், எங்கள் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி. கோடுகளைப் பார்த்தே என்ன ஏது என்று சொல்லிவிடுவாள். நாலு கருவியின் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் போட்டாள். முதல் அலை நாலிலும் ஒன்றாக வந்தது. இரண்டாவது அலை வரும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கண்ணைத் தொறங்கண்ணா. நாலும் ஒண்ணாத்தான் வந்துருக்கு. அடியில பாறைதான். சேறுங்கறதே இல்லை.”

நான் மேஜையைத் தட்டி எழுந்த தட்டலில் திரையில் இன்னொரு நிலநடுக்கம் வந்திருக்கும். உடனே பொறியாளருக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சந்தோஷம், ஆனால் ஒரு சந்தேகம் என்றார். அடியில் சேறே இல்லை என்றால் அன்றைக்கு வந்த சேறு எங்கிருந்து வந்தது? வீடியோவில் லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களே. அதற்கு ஒரு காரணம் தெரியாமல் அவரால் கிணற்றைத் திறந்துவிட முடியாது. தெரியும்வரை சொன்னது சொன்னபடிதான். திங்கட்கிழமை கான்கிரீட் வண்டி வரும்.

நியாயமான மனிதர்களிடம் இதுதான் கஷ்டம்.

ரம்ஷா அதற்குள் வேறு எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கு வேலியோரக் கருவியில் மட்டும், தினமும் காலையும் மாலையும், சன்னமாக ஒரே சீரான ஒரு ரீங்காரம். வேலிப் பக்கத்தில் யார் மோட்டார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டாள். அங்கே மோட்டாரும் இல்லை, கிணறும் இல்லை என்றேன்.

“இருக்குண்ணா. தரைக்குள்ள, நல்ல ஆழத்துல ஓடுது. கெணத்து மோட்டாரேதான்.”

காலையும் மாலையும். எருமைத் தொட்டிக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் வருகிற நேரம். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி, அழுத்தமான காற்றை அடித்துத்தான் பாறையைத் துளைக்கும். பக்கத்தில் இன்னொரு கிணறு இருந்து, இரண்டுக்கும் நடுவே பாறையில் வெடிப்பும் இருந்தால், இங்கே அடிக்கும் காற்று அங்கே போய், பாறைத்தூளும் தண்ணீரும் கலந்த சேற்றைத் தள்ளும். அடித்து முடித்த பிறகும் பாறைக்குள் சிக்கிய காற்று கொஞ்ச நேரம் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஒரு விஞ்ஞானி போனும் கையுமாக அங்கே போய் நின்றிருக்கிறான்.

ஆனால் இது ஊகம். பொறியாளருக்கு ஊகம் ஆகாது. பார்த்தவர்கள் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். போர் வண்டி வந்தால் அந்தச் சத்தம் ஊருக்கே கேட்கும், எனவே சுலபம் என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமை போனேன். நான் கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன்; இந்தப் பக்கத்து மரியாதை எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

டீக்கடைக்காரரிடம், அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் போர் வண்டி வந்ததா என்று கேட்டேன். வண்டிகள் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கும் என்றார். விசைத்தறிக்காரரிடம் கேட்டேன். தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காதே என்று வருத்தப்பட்டார். அன்றைக்குத் தறிக்கு விடுமுறை என்பதை நான் சொன்னதும், சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பால் சொசைட்டியில் கேட்டேன். நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் ஒரே சமயத்தில் பால் கேனுக்குள் பார்த்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் உண்மையும் சொல்லவில்லை. எல்லாரும் ‘ங்க’ சேர்த்துப் பேசினார்கள்.

கடைசியில் பழனியாத்தாளிடமே போனேன். ரீங்காரத்தைச் சொன்னேன். அவர் எருமைக்குத் தீவனமாகச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“வேலியோரம் போர் போடறதுன்னா, பக்கத்துத் தோட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுத்தானுங்க போடுவாங்க இங்க” என்றார்.

“சொல்லாம போட்டிருந்தா?”

“சொல்லாம போட்டவங்களுக்கு அது சங்கடம். கேட்டுப்போட்டா எனக்கும் சங்கடம். தெனமும் மொகத்துல முழிக்கோணுமுங்க. தண்ணி உடறாங்க, எருமை குடிக்குது. உடுங்க தம்பி.”

தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் எரிமலையை நம்பிய ஒரே ஆள் நான்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் முகம் வாடக் கூடாது என்பதற்காக ஒரு பெண்மணி தன் கிணற்றையே விட்டுவிடத் தயாராக இருக்கிறார். இதற்குக் கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை.

திங்கட்கிழமை காலை லட்சுமணசாமியின் தோட்டத்துக்குப் போனேன். ஐம்பது வயது இருக்கும், நெடிய மனிதர், எதிராளி உட்காரும்வரை தானும் உட்காராத ரகம். கிழக்கு வேலியோரம் சோளத்தட்டுக் குவியல் ஒன்று இருந்தது. நாலா பக்கமும் வெறும் தரை இருக்க, வேலியை ஒட்டித் தட்டு போட ஒரு காரணமும் இல்லை. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். உடனே எனக்கு ஒரு இளநீர் வெட்டினார்.

“ஏனுங்க, அன்னிக்கு இங்க போர் வண்டி வந்துச்சுங்களா?”

“தண்ணி இனிப்பா இருக்குதுங்களா?” என்றார்.

இனிப்பாகத்தான் இருக்கிறது, வண்டி வந்ததா என்று மறுபடியும் கேட்டேன். இந்த வருஷம் காய்ப்பு குறைவு என்றார். மூன்றாம் முறை கேட்டதற்கு இன்னொரு இளநீர் வந்தது. நான்காம் முறை கேட்டால் மரத்தில் காய் மிஞ்சாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கான்கிரீட் வண்டி வந்தது. வயிற்றை உருட்டிக்கொண்டு, பழனியாத்தாளின் தோட்டத்து வழியில் மெதுவாகத் திரும்பியது. பின்னால் பொறியாளரின் ஜீப். பழனியாத்தாள் கட்டுத்தரையிலிருந்து வெளியே வந்தார். கிணற்றடிக்குப் போய், குழாயில் காய்ந்துபோயிருந்த மஞ்சளை முந்தானையால் துடைத்தார். மோட்டாரிலிருந்து முருங்கைக்குப் போகும் பைப்பைக் கழற்றி, சுருட்டி, நூல் கண்டு சுற்றுவதுபோல ஒழுங்காகச் சுருட்டி, தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். வண்டிக்காரனுக்கு வழி விட்டு நின்றார்.

என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை. வேலியைத் தாண்டிப் போய் வண்டிக்கு முன்னால் படுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. என் எடைக்கு அது நிற்காது.

லட்சுமணசாமி கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சோளத்தட்டுக் குவியலுக்குப் போய், இரண்டு கையாலும் தட்டுகளை அள்ளி அள்ளி ஒதுக்கினார். உள்ளே புதுக் குழாய், கறுப்பு ஒயர், மூடி. வேலிக்கு அந்தப் பக்கம் பழனியாத்தாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் சங்கடத்தைப் பார்க்கக் கூடாது என்று.

“நாந்தானுங்க போட்டேன்” என்றார் லட்சுமணசாமி. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. “அக்கா அவிநாசிக்குக் கண்ணாலத்துக்குப் போயிருந்தாங்க. போர் வண்டிக்காரன் வேற தெசைக்குக் கெளம்பறேன்னு நின்னான். வந்ததும் சொல்லிக்கலாம்னு போட்டுப்போட்டேன். காத்து அக்கட்டால போய்ச் சேத்தைத் தள்ளிப்போட்டுது. பொழுதோட சொல்லலாம்னு வந்தா, நீங்க எரிமலைன்னு சொல்லியிருக்கீங்க, ஊரே வந்து நிக்குது. படிச்சவங்க சொன்னதுக்கு மேல நான் எப்படிங்க பேசறது? இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துபோட்டேன். அந்த இஞ்சினீரைக் கூப்புடுங்க தம்பி. அக்கா கெணத்துல ஒண்ணும் இல்லீங்க. கான்கிரீட்டு ஊத்தியே ஆகோணும்னா, இந்தா, என்ற குழியில ஊத்தச் சொல்லுங்க.”